காலிச் சட்டமும் பட்டுடுத்திய சிலையும்: ஓவியத் திருட்டு விளையாட்டு சொல்வதும் சொல்லாததும்

பழைய மாளிகை ஒன்றில் ஓவியர் ஒருவரின் வேலைக்கூடம். சுவரில் ஒரு சட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. உள்ளே இருந்த ஓவியத்தை இரவோடு இரவாக யாரோ வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். திரையின் அடியில் ஒரு பட்டியல் வருகிறது: பித்தளைச் சாவி, ஒற்றைக் கையுறை, மயிலிறகு, உடைந்த மூக்குக்கண்ணாடி, மணற்கடிகாரம். தூரிகைகளும் துணிமூட்டைகளும் சாயக் குப்பிகளும் இறைந்து கிடக்கும் அறைக்குள் அவற்றைத் தேடிப் பிடித்துச் சொடுக்கினால் பெயர் ஒவ்வொன்றாக அழியும். பட்டியல் தீர்ந்ததும் ஒரு துப்பு கைக்கு வரும், அடுத்த அறைக் கதவு திறக்கும். மறைபொருள் தேடும் கணினி விளையாட்டில் கலைத் திருட்டுக் கதை வந்தால் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

இந்த வகை விளையாட்டு நமக்கு அந்நியமே இல்லை. வார இதழ்களின் கடைசிப் பக்கத்தில் 'ஆறு வித்தியாசங்கள்' தேடி வளர்ந்தவர்கள் நாம். கணினியில் இதற்குப் பெரிய சந்தையை உண்டாக்கியது அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2002-ல் தொடங்கிய பிக் ஃபிஷ் கேம்ஸ் நிறுவனம். 2005-ல் அவர்கள் வெளியிட்ட 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்' ஓடிய ஓட்டத்தில் அந்த வடிவமே தனி வகையாக நிலைத்துவிட்டது. ஒரு மணி நேரம் இலவசமாக ஆடலாம், பிடித்தால் காசு கொடுத்து வாங்கலாம் என்ற ஏற்பாடு இல்லத்தரசிகளையும் ஓய்வு பெற்றவர்களையும் உள்ளே இழுத்தது. 2012-ல் ஃபேஸ்புக்கில் 'கிரிமினல் கேஸ்' வந்தது. 2017-ல் பெர்லின் நிறுவனமான வூகாவின் 'ஜூன்ஸ் ஜர்னி' கைப்பேசிக்கு வந்தது. துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை, விரல் வேகம் தேவையில்லை. பொறுமையும் கண்ணும் போதும்.

டெல்லித் தமிழ்க் குடும்பங்களிலும் இதற்கு ஆட்டக்காரர்கள் உண்டு. மயூர் விஹாரில் எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டு மாமி மதியச் சமையலை முடித்துவிட்டு, பேரனின் பழைய லேப்டாப்பில் இதைத்தான் ஆடுவார். "மேல் மூலையில ஆரம்பிச்சு வரிசையாப் பார்த்துண்டே வரணும், நடுவுல தாவினா போச்சு" என்பது அவர் முறை. பேரன் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, ஹிண்ட் மட்டும் அமுக்காதே" என்று காவல் காப்பான். அந்த மாமியின் முறைக்கும் அருங்காட்சியகக் கொள்ளையைத் துப்புத் துலக்குபவர்களின் முறைக்கும் உறவு உண்டு. ஆனால் விளையாட்டில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்று நிஜத்தில் கிடைப்பது அரிது. அந்தப் பட்டியல்தான் அது. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றியதே.

கண்ணை எப்படி ஏமாற்றுகிறார்கள்

முதலில் விளையாட்டின் உள்வேலை. ஒரு காட்சியை வரையும்போது பின்னணி தனியாகவும் தேட வேண்டிய பொருட்கள் தனித்தனி அடுக்குகளாகவும் இருக்கும். பட்டியலில் உள்ளதைவிட அதிகப் பொருட்களை அறைக்குள் வைத்துவிடுவார்கள். அதனால் அதே அறைக்கு மறுபடி வரும்போது வேறு பட்டியல் கொடுக்க முடியும். ஒளிக்கும் வழிகளும் பழகியவைதான். பழுப்பு வயலினைப் பழுப்பு அலமாரியின் முன் சாய்த்து வைப்பது. குடையை மடக்கித் தூண்களோடு தூணாக நிறுத்துவது. யானையைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கிச் சுவர்க்காகிதத்தின் பூவேலைக்குள் புகுத்துவது. கத்தரிக்கோலின் ஒரு வளையம் மட்டும் தெரியும்படி திரைச்சீலைக்குப் பின்னால் செருகுவது. இதில் நேர்மையான வடிவமைப்பாளர்கள் காக்கும் ஒரு நியதி உண்டு: பொருளை அடையாளம் காட்டும் பகுதி வெளியே தெரிந்தாக வேண்டும். வளையம் தெரியாமல் கத்தி முனை மட்டும் தெரிந்தால் அது விளையாட்டு ஆகாது. சும்மா சொடுக்கிக்கொண்டே போகிறவர்களைத் தடுக்க, தவறான சொடுக்குகள் கூடினால் சுட்டி சில நொடி முடங்கும். உதவிப் பொத்தான் ஒருமுறை அழுத்தினால் மறுபடி நிரம்ப நேரம் எடுக்கும்.

இது ஏன் கடினமாக இருக்கிறது என்பதற்கு உளவியலில் பதில் இருக்கிறது. 1980-ல் ஆன் ட்ரைஸ்மன், கேரி கெலாட் இருவரும் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான்: பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால் அது தானாகக் கண்ணில் படும், எத்தனை பச்சைப் புள்ளிகள் இருந்தாலும் நேரம் கூடாது. ஆனால் சிவப்பாகவும் இருக்க வேண்டும், செங்குத்தாகவும் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை சேர்ந்துவிட்டால், கண் ஒவ்வொன்றாகத்தான் சோதித்தாக வேண்டும். கூட்டம் கூடக்கூட நேரமும் கூடும். ஓவியரின் அறையை அவ்வளவு குப்பையாக வரைவதன் காரணம் இதுவே. மாமியின் வரிசை முறை சரியாக வேலை செய்வதன் காரணமும் இதுவே.

இன்னொரு ஆய்வு இதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன். 2005-ல் ஜெரமி உல்ஃபும் அவரது குழுவும், விமான நிலையப் பெட்டிச் சோதனை போன்ற ஒரு தேடலை ஆய்வகத்தில் நடத்திப் பார்த்தார்கள். தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது, பங்கேற்றவர்கள் தவறவிட்டது சுமார் 7 சதவீதம். அதே பொருளை நூற்றில் ஒரு படத்தில் மட்டும் வைத்தபோது தவறவிட்டது சுமார் 30 சதவீதம். அரிதாக வருவதைக் கண் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்க்காததைப் பார்ப்பதும் இல்லை. விளையாட்டில் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளும் அறைக்குள் இருந்தே தீரும் என்ற உறுதி நமக்கு உண்டு. சுங்கச் சாவடியில் ஸ்கேனர் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த உறுதி கிடையாது. நூற்றுக்கணக்கான பெட்டிகளில் ஒன்றில்கூட எதுவும் இல்லாமல் போகலாம்.

தமிழ்நாட்டிலிருந்து போன சிலைகளில் பல இந்த ஓட்டை வழியாகவே போயின. நம் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை தொல்பொருள், அதை வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்ப முடியாது. ஆனால் சுவாமிமலையில் புதிதாக வார்த்த சிலையை அனுப்பலாம். எனவே புதுச் சிலைகள் நிறைந்த சரக்குக்குள் பழைய சிலையை வைத்து, 'கைவினைப் பொருள்' என்று எழுதி ஏற்றுமதி செய்தார்கள். பழுப்பு அலமாரி முன் பழுப்பு வயலினை வைக்கும் அதே வித்தை.

இல்லாததைப் பார்ப்பது

விளையாட்டில் காலிச் சட்டம் நம் கண்ணெதிரே தொங்குகிறது. திருட்டு நடந்தது முதல் நொடியிலேயே தெரிகிறது. நிஜத்தில் அதற்கே உத்தரவாதம் இல்லை.

1911 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. அங்கே முன்பு வேலை பார்த்த வின்சென்ஸோ பெருஜா மோனா லிசாவை எடுத்துக்கொண்டு வெளியேறினார். மறுநாள் ஓர் ஓவியர் வந்து, படம் எங்கே என்று கேட்கும்வரை யாரும் கூச்சல் போடவில்லை. புகைப்படம் எடுக்க மாடிக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்று காவலர்கள் நினைத்துவிட்டார்கள். பெருஜா ஏற்கெனவே போலீஸ் பதிவில் இருந்தவர். ஓவியத்தின் கண்ணாடியில் கிடைத்தது இடது பெருவிரல் ரேகை, பதிவேட்டில் இருந்ததோ வலது கை. ஆக, தேவையான தகவல் பதிவேட்டில் இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஓவியம் பாரிஸிலேயே அவர் அறையில் கிடந்தது. 1913 டிசம்பரில் ஃப்ளோரன்ஸில் விற்க முயன்றபோதுதான் பிடிபட்டார்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் நடந்தது இதைவிட மோசம். நித்திய பூஜை நின்று பூட்டிக் கிடந்த சோழர் காலக் கோயில். நடராஜர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் உள்ளேயே இருந்தன. 2008-ல் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம் என்று அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோது உள்ளே சிலைகள் இல்லை. அதற்குள் நடராஜர் ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டார். கான்பெராவில் உள்ள தேசியக் கலைக்கூடம் அவரை அதே 2008-ல் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது.

இங்கேதான் பாஸ்டனை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. 1990 மார்ச் 18 அதிகாலையில் போலீஸ் உடையில் வந்த இருவர் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் 13 கலைப்பொருட்களை எடுத்துச் சென்றார்கள். வெர்மீரின் ஓவியமும் ரெம்ப்ரான்ட்டின் ஓவியங்களும் அதில் அடக்கம். ஒரு கோடி டாலர் பரிசு அறிவித்தும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. காலிச் சட்டங்கள் அங்கே இன்றும் சுவரில் இருக்கின்றன. பட்டியல், புகைப்படம், அளவு எல்லாம் இருந்தும் பயனில்லையே என்று தோன்றலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ஓவியங்களை உலகில் எந்த அருங்காட்சியகமும் வாங்க முடியாது, எந்த ஏல நிறுவனமும் மேடையேற்ற முடியாது. பட்டியல் பொருளை மீட்டுத் தராமல் போகலாம், ஆனால் சந்தையை அடைத்துவிடும். ஸ்ரீபுரந்தான் நடராஜருக்கு அப்படி ஒரு பட்டியல் வெளியே சுற்றியிருந்தால், ஒரு நாட்டின் தேசியக் கலைக்கூடம் காசோலை எழுதியிருக்குமா?

பட்டியலுக்குப் பதிலாக அவர்களிடம் இருந்தது வேறு காகிதம். டெல்லியில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரி 1971-க்கு முன்பே இந்தியாவில் இதை வாங்கினார் என்று சொல்லும் ஆவணங்கள் கான்பெராவுக்குத் தரப்பட்டன. எல்லாம் போலி. ஏன் அந்தக் காலக்கட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்? கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-ல் வந்தது. இந்தியாவின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் 1972-ல் இயற்றப்பட்டது. அதற்கு முன் நாட்டைவிட்டுப் போனது என்று காட்டிவிட்டால் வாங்குபவரின் வழக்கறிஞர் நிம்மதியாகத் தூங்குவார். திருட்டுக் கதை விளையாட்டுகளில் மேசை இழுப்பறையில் ஒரு பழைய ரசீது கிடைத்தால் அது எப்போதும் உண்மையான துப்பாகவே இருக்கும். நிஜ வழக்கில் முதலில் சந்தேகிக்க வேண்டியதே அந்த ரசீதைத்தான்.

கபூர் 2011-ல் ஜெர்மனியில் கைதானார், 2012-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்து ஆண்டு தண்டனை விதித்தது. ஸ்ரீபுரந்தான் நடராஜரை 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் டெல்லிக்கு வந்து ஒப்படைத்தார். விருத்தாசலத்து அர்த்தநாரீஸ்வரரும் கூடவே வந்தார்.

உடுத்தியிருந்தால் தெரியாது

ஓவியத்தை மையமாக வைத்த எந்த விளையாட்டும் தொட முடியாத ஒரு சிக்கல் நம் சிலைகளுக்கு உண்டு. ஓவியம் சுவரில் வெளிப்படையாகத் தொங்கும். உற்சவர் அப்படி இல்லை. வருஷம் முழுக்கக் கருவறைக்கு அருகிலோ அலங்கார மண்டபத்திலோ இருப்பார். புறப்பாட்டுக்கு வெளியே வந்தாலும் பட்டு, மாலை, கவசம், கிரீடம் எல்லாம் சாத்தியிருக்கும். முகமும் கையும் தவிர உலோகம் தெரியாது. தலைமுறை தலைமுறையாக அந்தச் சுவாமியைத் தோளில் சுமந்தவரிடம், அலங்காரம் இல்லாத சிலையின் படத்தைக் காட்டி இது உங்கள் ஊர்ச் சுவாமியா என்று கேட்டால் அவரால் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம். பக்தியில் குறையில்லை, அவர் பார்த்த கோலம் வேறு. திருமஞ்சன நேரத்தில் உடனிருக்கும் குருக்கள், பட்டர் போன்ற சிலருக்குத்தான் திருமேனியின் முழு வடிவம் பழக்கம்.

இதனால்தான் போலியை வைத்துவிட்டு அசலை எடுத்துப்போவது சாத்தியமாகிறது. கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தில் 1951-ல் நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த திருமேனிகளில் ஒரு நடராஜரும் இருந்தார். 1950-களில் பழுது பார்க்க ஸ்தபதியிடம் போனவர் திரும்பி வரவில்லை. திரும்பி வந்தது அவரைப் போலவே வார்த்த இன்னொருவர். பூஜை தொடர்ந்தது. அசல் மும்பைச் சேகரிப்பாளர்கள் கைக்குப் போய், நியூயார்க் சென்று, 1973-ல் கலிபோர்னியாவின் கலைச் சேகரிப்பாளர் நார்டன் சைமனிடம் 9 லட்சம் டாலருக்கு விலை போனது. ஊருக்கு இது எப்படித் தெரிந்தது? பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட் 1965-ல் சோழர் செப்புத் திருமேனிகள் பற்றி எழுதிய நூலில், கோயிலில் இருப்பது நகல், அசல் மும்பையில் தனியாரிடம் இருக்கிறது என்று குறிப்பிட்டார். ஆறு வித்தியாசங்கள் பார்க்கத் தெரிந்த ஒரே ஒரு ஜோடிக் கண். நீண்ட வழக்குக்குப் பின் 1986-ல் நடராஜர் இந்தியா திரும்பினார்.

அசல் எது, நகல் எது என்று பிரிக்க உதவுவது சிலையின் அழகு அல்ல, அதன் குறைகள். மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவது நம் வார்ப்பு முறை. சிலையை எடுக்க மண் அச்சை உடைத்தாக வேண்டும். அதே அச்சில் இன்னொன்று வராது. ஆகவே ஒவ்வொரு சிலைக்கும் அதற்கே உரிய சின்னச் சின்ன வழுக்கள் அமையும்: திருவாசியில் ஒடிந்த சுடர், பீடத்தில் உலோகம் ஓடாமல் விட்ட குழி, விரல் நுனித் தேய்மானம், எப்போதோ போட்ட ஒட்டு. போலி செய்பவர் முகத்தையும் நிலையையும் பிடித்துவிடுவார். முதுகுப்புறக் குழியைப் பிடிக்க மெனக்கெட மாட்டார்.

மண்ணுக்கடியில் கிடந்த சிலையாக இருந்தால் துப்பு இன்னும் நுணுக்கமாகப் போகும். திருவாரூர் பக்கம் பத்தூரில் 1976-ல் மண்ணிலிருந்து வெளிவந்த நடராஜர் லண்டன் போய், 1982-ல் ஸ்காட்லாந்து யார்டு கைப்பற்றிய வழக்கில், சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் ஓடிய தடமும் நீதிமன்றத்தில் சாட்சியாயின. தமிழகத் தொல்லியல் துறையை வழிநடத்திய இரா.நாகசாமி லண்டன் போய்ச் சாட்சி சொன்னார். இடிந்து கிடந்த கோயிலுக்கே வழக்காடும் உரிமை உண்டு என்று ஆங்கில நீதிமன்றம் ஏற்றது. 1991-ல் நடராஜர் வீடு திரும்பினார். எந்த விளையாட்டுக் கதையும் இவ்வளவு அழகான துப்பைத் தந்ததாக நான் பார்த்ததில்லை.

புதுச்சேரியில் ஒரு புகைப்படப் பெட்டகம்

நல்லவேளையாக, பட்டியல் போட ஒரு நிறுவனம் முன்பே முனைந்திருந்தது. 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அடுத்த ஆண்டு முதல் தமிழகக் கோயில்களுக்கு ஊர் ஊராக ஆள் அனுப்பி, சிலைகளையும் கட்டடங்களையும் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தது. இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் உற்சவர்கள் அலங்காரம் இல்லாமல் நிற்கிறார்கள். கலை ஆய்வுக்காக எடுத்த படங்கள் அவை. அரை நூற்றாண்டு கழித்து நீதிமன்றச் சான்றாகும் என்று எடுத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

மயிலாடுதுறை மாவட்டம் அனந்தமங்கலத்து ராமர், சீதை, லட்சுமணர் திருமேனிகள் 1978-ல் திருடுபோயின. 1958-ல் இந்த நிறுவனம் எடுத்த படம் கைவசம் இருந்தது. விற்பனைக்கு வந்த சிலையின் படத்தை அதனோடு சிலை மீட்பு ஆர்வலர்கள் ஒப்பிட்டுக் காட்ட, லண்டனில் வைத்திருந்தவர் 2020-ல் ஒப்படைத்தார். அதே ஆண்டு நவம்பரில் டெல்லியில் மத்திய அமைச்சர் கையால் தமிழக அரசிடம் மூவரும் வந்து சேர்ந்தனர். 2022 ஜூனிலும் டெல்லியில் இப்படிப் பத்துத் தொல்பொருட்கள் தமிழ்நாட்டுக்குக் கைமாறின.

டெல்லிக்காரர்களுக்கு ஒரு சிபாரிசு. மிருகக்காட்சிசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போனால் பக்கத்திலேயே புராணா கிலா. பறிமுதல் செய்த, மீட்டெடுத்த தொல்பொருட்களுக்கென்று இந்தியத் தொல்லியல் துறை 2019-ல் கோட்டைக்குள் ஒரு காட்சிக்கூடம் திறந்தது. பிரதிமையின் பெயரைப் படித்துவிட்டு நகராமல், பீடத்தையும் விளிம்பையும் கைவிரலையும் பாருங்கள். வீட்டில் திரையில் கத்தரிக்கோல் வளையம் தேடும் கண்ணுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது.

நாடு முழுக்கப் பட்டியல் போடும் வேலை என்ன ஆனது? அதற்கென்று தேசிய இயக்கம் ஒன்று 2007-ல் தொடங்கியது. நாட்டில் இருக்கக்கூடிய சுமார் 58 லட்சம் தொல்பொருட்களில் ஏறத்தாழ 16.8 லட்சம் மட்டுமே பதிவாகியிருப்பதாக 2023-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று கவலை தெரிவித்தது. பத்தில் மூன்றுகூட நிறையவில்லை. மீதி ஏழும் திருடுபோனால், திருடுபோனது என்று நிரூபிக்கவே படாதபாடு பட வேண்டும். எனக்கு இதில் கோபம் வருகிறது. இன்று ஒவ்வொரு பையிலும் ஒரு கேமரா இருக்கும்போது இந்த நிலை நீடிக்கக் காரணமே இல்லை.

எதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. 1997-ல் வெளியான 'ஆப்ஜெக்ட் ஐடி' அது. என்ன பொருள், எதனால் ஆனது, அளவு, எழுத்துப் பொறிப்பு, தனி அடையாளங்கள், எந்தக் காலம், யார் செய்தது, கூடவே படங்கள். இன்டர்போலின் திருட்டுக் கலைப்பொருள் பதிவேடும், அதை யாரும் கைப்பேசியில் தேடிப் பார்க்க 2021-ல் வந்த ஐடி-ஆர்ட் செயலியும் இதே அடிப்படையில்தான் இயங்குகின்றன. நம் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்குக்குக்கூட அந்தச் செயலியில் பதிவு போட்டு வைத்துக்கொள்ளலாம்.

மே மாதம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குப் போகிறவர்கள் பலருக்கும் குலதெய்வக் கோயில் என்று ஒன்று இருக்கும். பல கோயில்கள் அறநிலையத் துறையின் கணக்கில் வராதவை; ஒரு குடும்பமோ நாலு பங்காளிகளோ பார்த்துக்கொள்வது. பூசாரியிடமும் பெரியவர்களிடமும் முறையாகக் கேட்டு, அபிஷேகம் முடிந்து அலங்காரம் தொடங்குவதற்கு முன் உள்ள அந்தச் சில நிமிடங்களில் படம் எடுத்துக்கொள்ள அனுமதி வாங்குங்கள். அறநிலையத் துறைக் கோயிலானால் செயல் அலுவலரின் சம்மதம் வேண்டும். முன்பக்கம், இரு பக்கவாட்டு, பீடம், எழுத்து இருந்தால் அதன் அருகே ஒரு படம். அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து ஒன்று. முதுகுப்புறத்தைக் கட்டாயம் எடுக்க வேண்டும், போலி அகப்படுவது அங்கேதான். ஊர்ப் பெயரோடு வாட்ஸ்அப் குழுவிலோ ஃபேஸ்புக்கிலோ போட வேண்டாம். திருடனும் பட்டியல் தேடுகிறவன்தான். ஒரு பிரதியைக் கோயிலில் கொடுத்துவிட்டு, இன்னொன்றைக் கோயிலுக்கு வெளியே, வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம் வைத்துவிடுங்கள். சிலையோடு பதிவேட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பிரதியாவது மிஞ்சும்.